யூரிக் அமிலம்: சிறுநீரகத்தைக் கெடுப்பதா, கெட்டதைக் காட்டுவதா?

திண்டுக்கல் போன்ற ஒரு மாவட்டத் தலைநகரில் முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளும் ஒருவருக்குக் கிடைக்கும் அறிக்கையில், சர்க்கரை, கொழுப்பு, கிரியேட்டினின் ஆகியவற்றோடு யூரிக் அமிலம் என்ற ஒரு வரியும் பெரும்பாலும் இடம்பெறுகிறது. அந்த வரியில் உள்ள எண் 7-ஐத் தாண்டித் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தால், அதைப் பார்ப்பவருக்கு முதலில் மூட்டுவலியைப் பற்றிய அச்சமும், அதைவிட ஆழமாகச் சிறுநீரகத்தைப் பற்றிய அச்சமும் எழுகின்றன. யூரிக் அமிலம் கூடினால் கிட்னி போய்விடும் என்ற பேச்சை நம்பிப் பருப்பையும் கீரையையும் தட்டிலிருந்து ஒதுக்குகிறவர்கள் உண்டு. மருத்துவரைப் பார்க்காமலே மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களும் உண்டு. அந்தப் பேச்சு முழுப் பொய்யன்று. யூரிக் அமிலம் உயர்வதற்கும் சிறுநீரகம் நலிவதற்கும் நெருங்கிய உறவு இருக்கிறது. ஆனால் எது எதற்குக் காரணம் என்ற கேள்விக்கு மருத்துவ ஆய்வு கடந்த இருபது ஆண்டுகளில் கண்டடைந்த விடை, மக்களிடையே நிலவும் நம்பிக்கையிலிருந்து வெகுவாக விலகி நிற்கிறது. வெயிலில் நின்று உழைப்பவர்கள் நிறைந்த திண்டுக்கல் சமவெளிக்கு அந்த விடை தனிப்பட்ட முறையில் பொருந்துகிறது.

யூரிக் அமிலம் வெளியிலிருந்து உடலுக்குள் நுழையும் நஞ்சு எதுவுமன்று. ஒவ்வொரு உயிரணுவிலும் உள்ள மரபுப் பொருளின் பகுதியாகிய பியூரின் என்னும் வேதிப்பொருள் சிதையும்போது கடைசியாக மிஞ்சும் கழிவு அது. உயிரணுக்கள் நாள்தோறும் மடிந்து புதியவை தோன்றுவதால் பட்டினி கிடப்பவரின் உடலிலும் அது உண்டாகிக்கொண்டே இருக்கும். உணவின் பியூரின் அதன்மேல் வந்து சேர்கிறதே தவிர, பெரும்பங்கு உடலுக்குள்ளிருந்தே பிறக்கிறது. பசு, நாய், எலி முதலிய பெரும்பாலான பாலூட்டிகளின் ஈரலில் யூரிகேஸ் என்ற நொதி இருந்து, யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. மனிதனுக்கும் மனிதக் குரங்குகளுக்கும் அந்த நொதியை உண்டாக்கும் மரபணு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே செயலிழந்துவிட்டதால், மற்ற பாலூட்டிகளைவிட மனித ரத்தத்தில் யூரிக் அமிலம் இயல்பாகவே பல மடங்கு மிகுந்திருக்கிறது. ஸ்வீடன் நாட்டு வேதியியலர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1776-இல் சிறுநீர்ப்பைக் கல்லிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார் என்பதால், இப்பொருள் அறிவியலுக்கு அறிமுகமானதே சிறுநீர்ப் பாதையின் வழியாகத்தான்.

உடலில் உண்டாகும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் எஞ்சியதைக் குடலும் வெளியேற்றுகின்றன. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் அளவுக்கு நெஃப்ரான்கள் என்னும் நுண்வடிகட்டிகள் உள்ளன; இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடித்து, அதில் பெரும்பாலானதை மீண்டும் உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவில் மட்டும் சிறுநீராக வெளியே விடுகின்றன. வடிந்து இறங்கும் யூரிக் அமிலத்திலும் ஏறத்தாழ 90 சதவீதம் இவ்வாறே திரும்ப ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. அவ்வேலையைச் செய்யும் யூராட்-1 என்ற புரதம் 2002-ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. இந்த அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும்: வடிகட்டிகள் எந்தக் காரணத்தால் பழுதடைந்தாலும் வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் ரத்தத்தில் தேங்கும். ஆகவே சிறுநீரக நோயாளிகள் பலருக்கு யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டிவிட்டு, அதுதான் நோயை உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது.

மனித உடலின் வெப்பநிலையில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் வரைதான் இந்த அமிலத்தின் உப்பு கரைந்த நிலையில் நிற்கும்; அதற்கு மேல் போனால், ஆறிப்போன சர்க்கரைப் பாகில் சர்க்கரை பூத்து நிற்பதுபோல், அது ஊசி வடிவப் படிகங்களாகப் பிரியத் தொடங்கும். உடலின் குளிர்ந்த ஓரங்களாகிய கால் பெருவிரல் மூட்டு, கணுக்கால் போன்ற இடங்களில் அப்படிகங்கள் படிந்து, நள்ளிரவில் திடீரென மூட்டு சிவந்து வீங்கிப் போர்வை பட்டாலும் தாங்கமுடியாத வலி உண்டாவதே கவுட் எனப்படும் கீல்வாத நோய். எனினும் எண் 7-ஐத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் அவ்வலி வருவதேயில்லை. வலியோ கல்லோ இல்லாமல் எண் மட்டும் உயர்ந்திருக்கும் இந்த நிலைக்கு அறிகுறியற்ற மிகை யூரிக் அமிலம் என்று பெயர். சிறுநீரகத்தைப் பற்றிய விவாதம் முழுவதும் இவர்களைச் சுற்றியே நடந்திருக்கிறது.

நாள்பட்ட சிறுநீரக நோய் என்பதையும் இங்கே விளக்கிவிடுவது நல்லது. சிறுநீரகங்கள் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகின்றன என்பதை, ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் என்ற தசைக் கழிவின் அளவு, வயது, பால் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். சிற்றூர்களில் கிட்னியில் உப்பு கூடிவிட்டது என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்தக் கிரியேட்டினின், யூரியா அளவுகளின் உயர்வையே குறிக்கிறது. வடிகட்டும் அளவு மூன்று மாதங்களுக்கு மேலாக 60-க்குக் கீழே இருந்தாலோ, அளவு நன்றாக இருந்தும் சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் தொடர்ந்து கசிந்தாலோ அது நாள்பட்ட நோய். 15-க்குக் கீழே இறங்கினால் ஐந்தாவதும் கடைசியுமான நிலை. அதன் பிறகு டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படும் காலம் நெருங்கிவிடுகிறது. நான்காம் நிலை வரைகூட வலி எதுவும் தெரியாமல் போகக்கூடும் என்பதே இந்நோயின் கொடுமை.

யூரிக் அமிலமே சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்ற கருத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரெட் கேரட், கீல்வாத நோயாளிகளின் ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை 1848-இல் நிறுவினார்; கீல்வாதத்தோடு இறந்தவர்களின் சிறுநீரகங்களைப் பிற்காலத்தில் அறுத்துப் பார்த்தபோது பலவற்றில் தழும்பும் சிலவற்றில் படிகமும் காணப்பட்டன. பின்பு வந்த மருத்துவர்கள், அந்த நோயாளிகளுக்கு உயர் ரத்த அழுத்தமும் ஈய நஞ்சும் இருந்தன என்றும், தழும்புக்கு அவையே போதுமான காரணங்கள் என்றும் சொல்லி அக்கருத்தை ஒதுக்கினர். ஏறக்குறைய கைவிடப்பட்டிருந்த அந்தக் கருத்துக்கு 2001-இல் புத்துயிர் கிடைத்தது. அமெரிக்காவில் மரில்டா மஸ்ஸாலியும் ரிச்சர்ட் ஜான்சனும் அவர்களது குழுவினரும் எலிகளுக்கு யூரிகேஸ் நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து, யூரிக் அமிலத்தைச் சிறிதளவே உயர்த்தியபோது, படிகம் எதுவும் படியாமலே எலிகளின் ரத்த அழுத்தம் ஏறியதையும், சிறுநீரகத்துக்குள் செல்லும் நுண்தமனிகளின் சுவர் தடித்ததையும் கண்டனர். அதாவது கரைந்த நிலையிலேயே யூரிக் அமிலம் ரத்தக்குழாய்களின் உட்பூச்சைப் புண்படுத்தக்கூடும் என்பது அவர்கள் வாதம்.

மனிதர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளும் அதற்கு ஒத்துப்போயின. வியன்னா நகரில் 21,475 உடல்நலமுள்ளவர்களை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கவனித்து 2008-இல் வெளியான ஆய்வு, யூரிக் அமிலம் 7-க்கும் 9-க்கும் இடைப்பட்டவர்களுக்குப் புதிதாகச் சிறுநீரக நோய் தோன்றும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றும், 9-க்கு மேற்பட்டவர்களுக்கு மூன்று மடங்கு என்றும் காட்டியது. கொல்கத்தாவில் மூன்றாம், நான்காம் நிலை நோயாளிகள் 93 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான இந்திய ஆய்வு நம்பிக்கையை மேலும் வளர்த்தது. பாதிப் பேருக்கு ஃபெபுக்சோஸ்டாட் என்ற யூரிக் அமிலக் குறைப்பு மாத்திரையும் மீதிப் பேருக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்ததில், வடிகட்டும் திறன் பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்தவர்கள் முதல் குழுவில் 38 சதவீதமாகவும் இரண்டாவதில் 54 சதவீதமாகவும் இருந்தனர். ஆறு மாதம் என்பது இத்தகைய நோயில் மிகக் குறுகிய காலம்; இருந்தாலும் இந்தியாவின் மருத்துவர்கள் பலர் இந்த மாத்திரைகளைத் தாராளமாக எழுதத் தொடங்கியதற்கு இத்தகைய ஆய்வுகள் துணைநின்றன.

பெரிய ஆய்வுகள் வந்தபோது நிலைமை மாறியது. ஜப்பானில் மூன்றாம் நிலை நோயாளிகள் 443 பேரிடம் 108 வாரங்கள் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானபோது, ஃபெபுக்சோஸ்டாட் உட்கொண்டவர்களுக்கும் உட்கொள்ளாதவர்களுக்கும் வடிகட்டும் திறன் சரியும் வேகத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2020 ஜூன் மாதத்தில் ஒரே மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் அடுத்தடுத்து வெளியாயின. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நோய் முற்றும் அபாயத்தில் இருந்த 363 பேரிடம் நடந்த முதலாவது ஆய்வில், அல்லோப்யூரினால் மாத்திரை சராசரி யூரிக் அமிலத்தை 8.2-லிருந்து 5.1 அளவுக்கு இறக்கியது; ஆனால் வடிகட்டும் திறனோ மாத்திரை உண்டவர்களுக்கு ஆண்டுக்கு 3.33 அலகும் உண்ணாதவர்களுக்கு 3.23 அலகும் சரிந்தது. முதல் வகை சர்க்கரை நோயாளிகள் 530 பேரிடம் மூன்றாண்டு நடந்த இரண்டாவது ஆய்வின் முடிவிலும் இரு குழுவினரின் வடிகட்டும் திறனும் சமமாகவே நின்றது.

இந்த முடிவுகளுக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களையும் நேர்மையாகக் கணக்கில் கொள்ள வேண்டும். ஆஸ்திரேலிய ஆய்வுக்கு 620 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு அதை எட்ட முடியவில்லை. பங்கேற்றோரின் சிறுநீரகங்கள் ஏற்கெனவே வெகுவாகத் தழும்பேறியிருந்தன. கீல்வாதம் உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. ஆகவே ஒரு சிலருக்கு, நோயின் மிக இளம் பருவத்தில், இம்மருந்து உதவக்கூடும் என்ற வாய்ப்பு இன்னும் முழுவதும் அடைபட்டுவிடவில்லை. எனினும் எண்ணை இறக்கினால் சிறுநீரகம் பிழைக்கும் என்ற எளிய நம்பிக்கைக்கு இனி ஆதாரம் இல்லை. உலகளாவிய சிறுநீரக மருத்துவ அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ. 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, அறிகுறியற்றவர்களுக்குச் சிறுநீரக நோயின் வேகத்தைத் தணிக்கும் நோக்கில் மட்டும் யூரிக் அமில மாத்திரை தர வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. உயர்ந்த யூரிக் அமிலம் பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீரக நலிவின் விளைவாகவும், சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் பருமன் ஆகியவற்றின் கூட்டாளியாகவும் இருக்கிறது என்பதே இன்றைய ஆதாரங்களின் நேரான பொருள்.

மாத்திரை யாருக்கும் வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொண்டால் அது பெருந்தவறாகும். கீல்வாதம் திரும்பத் திரும்பத் தாக்குகிறவர்களுக்கும், தோலடியில் யூரேட் கட்டிகள் தோன்றியவர்களுக்கும், யூரிக் அமிலக் கற்கள் உண்டாகிறவர்களுக்கும் அதைக் குறைப்பது கட்டாயத் தேவை. சிறுநீரக நோயோடு கீல்வாதமும் சேர்ந்தவருக்கு இன்னொரு காரணமும் உண்டு; வலி தாங்காமல் அவர் மருந்துக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, யூரிக் அமிலத்தைவிடப் பன்மடங்கு கேடு செய்யும். முறையான மருத்துவத்தால் கீல்வாதம் அடங்கினால் வலி மாத்திரையின் தேவையே நீங்கிவிடுகிறது. வயல் வேலை செய்பவர்களும் சுமை தூக்குபவர்களும் முதுகுவலிக்கும் முழங்கால்வலிக்கும் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரைகளைப் பற்றி, யூரிக் அமிலத்தைப் பற்றி நிலவும் அச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட நிலவவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

அல்லோப்யூரினால் 1966-இல் அமெரிக்காவில் ஏற்பு பெற்ற, காலத்தால் சோதிக்கப்பட்ட அரிய மருந்து; அதை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் 1988-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். ஆனால் அரிதாகச் சிலருக்கு, குறிப்பாகச் சிறுநீரகம் நலிந்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே மிகுந்த அளவில் கொடுத்தால், தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமையை அது உண்டாக்குகிறது. தொடங்கிய சில வாரங்களில் உடலில் தடிப்போ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ தோன்றினால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஃபெபுக்சோஸ்டாட் மாத்திரைக்கு, இதய நோயாளிகளின் இறப்பு தொடர்பாக 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விடுத்தது. வெறும் எண்ணுக்காக இத்தகைய மருந்துகளைத் தாமே வாங்கி உண்பது தேவையற்ற ஆபத்து.

யூரிக் அமிலம் உயர வேறு மருந்துகளும் காரணமாகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ரத்த அழுத்தத்துக்கும் வீக்கத்துக்கும் தரப்படும் சிறுநீர் பெருக்கி மாத்திரைகள், இதயத்துக்கான குறைந்த அளவு ஆஸ்பிரின், காசநோய்க்கான பைராசினமைடு ஆகியவை அதை உயர்த்தும். இவற்றில் எதையும் அறிக்கையைப் பார்த்துப் பயந்து தானாக நிறுத்தக் கூடாது; கட்டுப்பாடிழந்த ரத்த அழுத்தம் சிறுநீரகத்துக்குச் செய்யும் தீங்கோடு ஒப்பிட்டால் யூரிக் அமிலத்தின் சிறு உயர்வு பொருட்படுத்தத் தக்கதன்று. மாற்று தேவையென்றால் லோசார்டன் போன்ற, யூரிக் அமிலத்தைச் சற்றுக் குறைக்கவும் செய்கிற ரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.

உணவைப் பொறுத்தவரை, சீரகச் சம்பா அரிசியில் ஆட்டுக்கறி சேர்த்துச் சமைக்கும் பிரியாணிக்குப் பெயர்பெற்ற ஊரில் இந்த எண்ணைப் பற்றிப் பேசும்போது கறியைத் தவிர்க்க முடியாது. ஈரல், சுவரொட்டி, குடல், மூளை ஆகிய உள்ளுறுப்புகளிலும், நெத்திலி, மத்தி போன்ற மீன்களிலும் பியூரின் மிகுதி. கறியும் மீனும் மிகுதியாக உண்பவர்களுக்குக் கீல்வாதம் கூடுவது 47,150 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் உறுதியானது. அதே ஆய்வு பருப்பு, கீரை, காளான் முதலிய பியூரின் உள்ள தாவர உணவுகள் கீல்வாத அபாயத்தைக் கூட்டவில்லை என்றும், கொழுப்பு நீக்கிய பாற்பொருள்கள் அதைக் குறைத்தன என்றும் காட்டியதை நம் வீடுகள் இன்னும் அறியவில்லை. சாம்பாரையும் முருங்கைக்கீரையையும் விலக்குவதால் எண் பெரிதாக இறங்கப்போவதில்லை, புரதம்தான் போகும். மது, அதிலும் பீர், யூரிக் அமிலத்தை விரைவாக ஏற்றுகிறது. சர்க்கரையில் சரிபாதியாக உள்ள ஃபிரக்டோஸ் ஈரலில் சிதையும்போது யூரிக் அமிலமாகவும் முடிகிறது என்பதால், புட்டிக் குளிர்பானங்களும் இனிப்பிட்ட பழச்சாறுகளும், கறி உண்ணாதவர்களின் எண்ணைக்கூட உயர்த்திவிடும்.

இந்த ஃபிரக்டோஸ்தான் விவாதத்தை வெயிலுக்குள் கொண்டுவருகிறது. மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோர் நாட்டில், சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் இல்லாத இளம் ஆண்கள், பெரும்பாலும் உழைப்பாளிகள், சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வருவதை மருத்துவர்கள் 2002-இல் பதிவு செய்தனர். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களின் நெல் விவசாயிகளிடம் 1990-களிலிருந்தும், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும் இதே வகை நோய் கண்டறியப்பட்டிருக்கிறது. வழக்கமான காரணம் எதுவும் புலப்படாததால் இதைக் காரணம் அறியப்படாத நாள்பட்ட சிறுநீரக நோய் என்கிறார்கள். நீரிலுள்ள உலோகங்கள், பூச்சிக்கொல்லி, ஃபுளோரைடு எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்டாலும், கடும் வெயிலில் போதிய நீரில்லாமல் திரும்பத் திரும்ப உழைப்பது முக்கியப் பங்கு வகிக்கிறது என்ற கருத்து வலுப்பெற்று வருகிறது.

யூரிக் அமிலம் அங்கே நுழையும் வழி கூர்ந்து அறியத்தக்கது. கடும் உழைப்பில் தசை நார்கள் சிறிது சிதைந்து பியூரினை வெளியிடுகின்றன. வியர்வையில் நீர் போய்விடுவதால் ரத்தமும் சிறுநீரும் கெட்டிப்படுகின்றன. சிறுநீர் அமிலத்தன்மை அடைகிறது. அமிலச் சிறுநீரில் யூரிக் அமிலம் கரையாமல் படிகமாகி, நெஃப்ரான்களின் நுண்குழாய்களை உராய்ந்து புண்படுத்தக்கூடும். மத்திய அமெரிக்கக் கரும்புத் தொழிலாளர்களின் மாலை நேரச் சிறுநீரில் இத்தகைய படிகங்கள் காணப்பட்டன. நீர் வற்றிய உடலில் சிறுநீரகமே குளுக்கோஸிலிருந்து ஃபிரக்டோஸை உண்டாக்கிச் சிதைப்பதையும், அதன் துணைவிளைவாக அங்கேயே யூரிக் அமிலம் தோன்றுவதையும் விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெயிலில் உழைத்தபின் தாகத்துக்குச் சர்க்கரைக் குளிர்பானம் குடிப்பது இந்தக் காயத்தை மிகுவிக்கும் என்பதற்கும் சான்று உண்டு. நாள்தோறும் ஏற்படும் இச்சிறு காயங்கள், பல பருவங்களுக்குப் பின் ஆறாத தழும்பாகின்றன. நோயாளியின் ரத்தத்திலுள்ள எண்ணைவிட, உழைப்பாளியின் சிறுநீரில் நண்பகலில் நடப்பதே யூரிக் அமிலத்தின் உண்மையான தீங்காக இருக்கக்கூடும் என்ற இந்தக் கருதுகோள் இன்னும் முழுமையாக நிறுவப்படவில்லை. ஆயினும் தமிழ்நாடு அதைப் புறக்கணிக்க முடியாது.

ஏனெனில் தமிழ்நாட்டிலும் அடையாளங்கள் தெரிகின்றன. மாநிலத்தின் பல வேளாண் மண்டலங்களில் 3,350 வேளாண் தொழிலாளர்களை 2023-இல் சோதித்து, மூன்று மாதம் கழித்து மறுசோதனையும் செய்த ஆய்வில் ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வழக்கமான காரணங்கள் எதுவும் இல்லை. ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்தபோது, 7 சதவீதத்தினரின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. கழிப்பறை இல்லாத இடத்தில் வேலை செய்யும் பெண்கள் சிறுநீரை அடக்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரையே குறைத்துக்கொள்வது வயலிலும் சூளையிலும் அன்றாடம் நடப்பது. இது உடலின் குற்றமன்று, வேலையிடத்தின் குற்றம்.

திண்டுக்கல் சமவெளி, மேற்கு மலைத்தொடர் மழையை மறித்துக்கொள்ளும் வறண்ட நிலம். வேடசந்தூர்ப் பகுதி நூற்பாலைகளின் புழுக்கமும், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை ஏற்றி இறக்குவோரின் உழைப்பும், வெங்காய வயல்களிலும் செங்கல் சூளைகளிலும் கழியும் பகல்களும் மேலே சொன்ன ஆய்வுகள் விவரிக்கும் சூழலுக்கு வெகுவாகப் பொருந்துகின்றன. நகரத்தைச் சுற்றிய தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலத்தடி நீர் உப்பேறிப்போனது தனி வரலாறு; தமிழ்நாட்டுத் தோல் ஆலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் 1996-இல் வழங்கிய தீர்ப்பில் மாசுக்கு அபராதம் விதிக்கப்பட்ட மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. அந்த நீரைச் சிறுநீரக நோயோடு அவசரமாக முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஆனால் கிணற்று நீர் கரித்துக் கிடக்கும் ஊரில், குடிக்கத்தக்க நீர் வேலை செய்யும் வரப்பு வரை வந்து சேராவிட்டால் தாகம் அடக்கப்படும் என்பதைப் புரிந்துகொள்ள ஆய்வு தேவையில்லை.

நோய் தொடங்கிவிட்டவர்களின் சிறுநீரகத்தைக் காப்பதற்கு நிறுவப்பட்ட வழிகள் இன்று தெளிவாகவே உள்ளன: ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தல், சர்க்கரையைக் கட்டுப்படுத்தல், புரதக் கசிவு உள்ளவர்களுக்கு லோசார்டன் போன்ற மாத்திரைகள், உப்பைக் குறைத்தல், புகையிலையை விடுதல். சர்க்கரை நோய்க்காக உருவாக்கப்பட்ட டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரை நோய் இல்லாத சிறுநீரக நோயாளிகளையும் காக்கிறது என்று 2020-இல் பெரிய ஆய்வு ஒன்று உறுதிசெய்தது. அதே ஆண்டில் இந்தியாவில் அதன் காப்புரிமைக் காலம் முடிந்து விலையும் குறைந்தது. அது யூரிக் அமிலத்தையும் சற்றுக் குறைக்கிறது. ஆனால் அது தரும் பயன் அதனால்தான் என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டிருக்கும் நிலையில், சிறுநீரகத்துக்கு மிகப் பெரிய பகை எது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

தண்ணீர் குறித்தும் ஒரு எச்சரிக்கை தேவை. சிறுநீரகம் நன்றாக இருப்பவரும் வெயிலில் உழைப்பவரும் தாகம் வரும்வரை காத்திராமல் நீரும், உப்பு குறைத்த நீர்மோரும் அடிக்கடி அருந்துவது நல்லது. ஆனால் நோய் முற்றி, காலில் வீக்கம் கண்டவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களும் அளவில்லாமல் நீர் குடித்தால் மூச்சுத்திணறல் வரும். இளநீரிலும் வாழைத்தண்டுச் சாற்றிலும் உள்ள பொட்டாசியம் அவர்களது இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். கல்லைக் கரைக்கும் என்று சொல்லப்படும் சாறுகளை, கிரியேட்டினின் அளவு தெரியாமல் யாருக்கும் பரிந்துரைக்கக் கூடாது.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டு மாதம் தொடங்கியதிலிருந்து ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. திண்டுக்கல்லுக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் டயாலிசிஸையும் சிறுநீரக மாற்றையும் ஏற்கிறது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அறிவித்ததும் வரவேற்கத் தக்கதே. ஆனால் நிகரகுவா நாட்டின் கரும்புத் தோட்டங்களில் நிழல், இடைவெளி விட்ட ஓய்வு, அருகில் தண்ணீர் ஆகிய மூன்றையும் முறையாக ஏற்பாடு செய்ததால் தொழிலாளர்களின் சிறுநீரகக் காயம் குறைந்ததே, அந்த எளிய ஏற்பாடு இங்கே வயலுக்கும் சூளைக்கும் சந்தைக்கும் இன்னும் வந்து சேரவில்லை. அதைச் செய்ய வேண்டியவர்கள் வேலை வாங்குகிறவர்கள். செய்ய வைக்க வேண்டியது அரசு.

யூரிக் அமிலம் மிகுந்த அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் வாசகர், மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், ரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். புரதம் கசிவது தெரிந்தால், மூன்று மாதத்துக்குள் மறுசோதனை செய்து, சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும்.